க்ளைமாக்ஸுக்கு முன்னாடியே தீர்ந்துபோற கேசட்

எங்க பக்கம், அதாவது மன்னார்குடி திருத்துறைப்பூண்டி சுத்துவட்டாரத்துல, நாப்பது வயசைத் தாண்டின யாரைக் கேட்டாலும் கல்யாணப் பரிசு பார்த்திருக்கேன்னுதான் சொல்லுவாங்க. பாட்டு எல்லாம் மனப்பாடம், தங்கவேலு காமெடி வரிக்கு வரி மனப்பாடம். எதுல பார்த்தீங்கன்னு இன்னொரு கேள்வி கேட்டாதான் விஷயம் வெளிய வரும். ஒருத்தர் டெக்ல, அதாவது வீடியோ கேசட் போடுற மெஷின்ல பார்த்திருப்பார், ஒருத்தர் விசிடில, ஒருத்தர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷன்ல, இப்ப உள்ள பசங்க போன்ல. தியேட்டர்ல பார்த்தவங்க பெரும்பாலும் எங்க அம்மா வயசுக்காரங்கதான். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு காப்பியும் அந்தப் படத்துலேருந்து ஏதோ ஒன்னைக் கழிச்சுட்டுதான் வந்துச்சு, ஒன்னுல முடிவு போச்சு, ஒன்னுல பாட்டு போச்சு, ஒன்னுல தலை போச்சு, எல்லாத்துலயும் போனது அந்தக் கறுப்பு. நாம மனப்பாடமா வச்சிருக்கிறது முழுப் படம் இல்ல. இதை ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சிட்டு இருந்தேன்.

படத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. 1959 ஏப்ரல்ல வந்துச்சு, ஸ்ரீதர் டைரக்ட் பண்ண முதல் படம், வீனஸ் பிக்சர்ஸ். ஜெமினி கணேசன், சரோஜாதேவி, விஜயகுமாரி. ஏ.எம்.ராஜா மியூசிக், ஏ.வின்சென்ட் கேமரா. தங்கச்சி விரும்புற பையனை அக்காவும் விரும்பிடுறா, அது தெரிஞ்சதும் தங்கச்சி ஒதுங்கிக்கிறா, கல்யாணம் அக்காவோட நடக்குது, அப்புறம் ஆகுறதெல்லாம் உங்களுக்கே தெரியும். இதே கதை தெலுங்குக்கும் போச்சு, இந்திக்கும் போச்சு, இந்தில ராஜ்கபூர் நடிச்சார். ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தப் படம் மேல உள்ள உரிமையே வேற, ஏன்னா பாட்டு எல்லாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் பிறந்த செங்கப்படுத்தான்காடு எங்க ஊர்லேருந்து பஸ்ல போயிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துடற தூரம்தான். படம் ஏப்ரல்ல ரிலீஸ், அவர் அதே வருஷம் அக்டோபர்ல போயிட்டார், 29 வயசு. வயல்ல நடவு பார்த்து வளர்ந்த ஒரு மனுஷன் காலேஜ் பொண்ணுக்கும் பையனுக்கும் எழுதின காதல் பாட்டு அதெல்லாம், எங்கயும் ஒரு சொல் கூட துருத்திக்கிட்டு நிக்காது.

சரி டெக்குக்கு வர்றேன். எண்பதுகள்ல டெல்டாவுக்கு டெக் வந்த வழி சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டு சம்பாத்தியம் உள்ள வீடுகள்ல முதல்ல வந்துச்சு, அப்புறம் வாடகைக்கு விடுற கடைகள் வந்துச்சு. டெக்கு, கலர் டிவி, ரெண்டு மூணு கேசட்டு, கூட மாட்டிக் குடுக்க ஒரு பையன், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. தீபாவளி, பொங்கல், காதுகுத்து, சடங்குன்னா திண்ணையில டிவிய வச்சு தெருவே உக்காந்து பார்க்கும். புதுப்படம் முதல்ல, பொம்பளைங்க கேக்குற பழைய படம் நடு ராத்திரிக்கு மேல. அந்தப் பழைய படம் பாதி நாள் கல்யாணப் பரிசுதான், அதுல தீபாவளிப் பாட்டு இருக்குங்கிறதும் ஒரு காரணம்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, அப்ப யாருக்கும் தெரியல. கடைகள்ல படத்தைக் காப்பி போட்டது இ-180ன்னு சொல்ற கேசட்டுல. 180ங்கிறது நிமிஷம், அதாவது மூணு மணி நேரம், அதுக்கு மேல அந்தக் கேசட்டுல டேப் கிடையாது. கல்யாணப் பரிசு மூணு மணி நேரத்தைத் தாண்டுற படம். அப்ப என்ன ஆகும், ஒன்னு கடைக்காரர் எதையாவது வெட்டணும், இல்ல டேப் தீர்ற இடத்துல படம் தீரணும். எங்க தெருவுக்கு வந்த காப்பி ரெண்டாவது ரகம். பாஸ்கர், அதான் ஜெமினி, குழந்தையத் தூக்கிக்கிட்டு தங்கச்சி வசந்தியத் தேடி அலையுற இடத்துல டேப் நின்னு, டெக்கு தானா ரீவைண்ட் ஆக ஆரம்பிச்சுடும். அந்தக் குழந்தையை வசந்திக்குக் கல்யாணப் பரிசா குடுத்துட்டு ஜெமினி நடந்து போற முடிவை, படத்தோட பேருக்கே காரணமான அந்த முடிவை, எங்க அம்மாவும் அத்தையும் வாயால சொல்லித்தான் தெருப் பொடிசுங்கள்ல பல பேர் தெரிஞ்சுக்கிட்டாங்க. எங்க அத்தை சொல்லும்போது வசனத்தோட சொல்லும், கண்ணுல தண்ணி வந்துடும், சுத்தி உக்காந்திருக்கிற பொடிசுங்க எல்லாம் அணைஞ்ச டிவிக்கு முன்னாடி அத்தை வாயையே பார்த்துட்டு இருப்போம். அது ஒரு பெரிய அனுபவம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா ஸ்ரீதர் எடுத்தது அது இல்லையே. முதல் படம் எடுக்குற ஒரு இளைஞன் அழுது தீர்த்து சேர்த்து வைக்காம, குடுத்துட்டுப் போடான்னு ஒரு முடிவை வச்சிருக்கான், அந்தத் துணிச்சல்தான் படத்தை 25 வாரம் ஓட வச்சுது. ஒரு நீளம் பத்தாத டேப் அதைத் தூக்கிடுச்சு.

இன்னொன்னு சுருதி. எங்க பக்கத்து தெருவுல நாயனம் வாசிக்கிற குடும்பம், அங்க உள்ள பெரியவர் சினிமாவுக்கே போகாதவர், ஆனா ஏ.எம்.ராஜா பாட்டுன்னா ரேடியோ பக்கத்துல வந்து உக்காந்துப்பார். ஒரு தடவை திண்ணையில டெக் ஓடும்போது வந்தவர் வாடிக்கை மறந்ததும் ஏனோ பாட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ராஜா ஏன் கட்டையை ஏத்திப் பாடுறாப்ல, ரிக்கார்டுல இப்படி இல்லியே"ன்னார். டெக்கு பழசு மாமா, வேகமா சுத்துதுன்னு சொன்னாங்க அங்க இருந்தவங்க. அவர் ஒத்துக்கல, வேகமா சுத்தினா குரல் ஆடும், இது ஆடல, ஒரே அளவா ஏறி நிக்குதுன்னார்.

பல வருஷம் கழிச்சுதான் அதுக்கு காரணம் படிச்சேன். சினிமா ஃபிலிம் ஓடுறது செகண்டுக்கு 24 ஃப்ரேம். நம்ம ஊர் டிவி அப்ப பால் (PAL)ங்கிற ஒளிபரப்பு முறை, அது செகண்டுக்கு 25. ஃபிலிம்லேருந்து டேப்புக்கு மாத்தும்போது சுலபமான வழி, 24-ஐ அப்படியே 25 வேகத்துல ஓட்டிடுறது. நூத்துக்கு நாலு பங்கு வேகம் கூடும், பார்க்க தெரியாது, ஆனா மூணு மணி நேரப் படத்துல ஏழு நிமிஷம் குறைஞ்சுடும், குரலும் அதே அளவுக்கு ஏறும். கட்டைக் கணக்குல, அதாவது சுருதி உயரத்தை அளக்குற கணக்குல சொன்னா அரைக் கட்டைக்குக் கொஞ்சம் கம்மி. அரைக் கட்டை கூட முழுசா இல்ல, அதை அந்தப் பெரியவர் காது பிடிச்சிருக்கு! ராஜாவோட குரல் இருக்கே, அது அடிவயித்துக் குரல் இல்ல, கழுத்துக்கு மேல மெதுவா மிதக்குற குரல், அதை இன்னும் கொஞ்சம் மேல ஏத்தினா மெலிஞ்சு போயிடும். சுசீலாம்மா குரல் தாங்கும், ராஜா குரல் தாங்காது. நீங்க பழைய ரிக்கார்டையும் பால்ல எடுத்த டிவிடியையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கேட்டுப் பாருங்க, சொன்னதை ஒத்துப்பீங்க.

அப்புறம் காப்பிக்குக் காப்பி. கடைக்காரர் ஒரு கேசட்டு வாங்கி அதுலேருந்து நாலு போடுவார், அந்த நாலுல ஒன்னு தஞ்சாவூர்லேருந்து மன்னார்குடிக்கு வந்து அதுலேருந்து இன்னும் நாலு. விஹெச்எஸ்ங்கிற இந்த வகை வீடியோ கேசட்ல நல்ல டேப்புலயே படத்தோட நுணுக்கம் சுமார் 240 கோடு அளவுக்குதான் நிக்கும், காப்பி மேல காப்பி போட்டா கேக்கவே வேணாம், கறுப்பு சாம்பலாகும், வெள்ளை பொங்கி வழியும். சரோஜாதேவி முகம்னா நெத்தி மூக்கு கன்னம் ஒன்னும் இருக்காது, ஒரு வெள்ளையில ரெண்டு கண்ணு. ஐப்பசி மழைக்கு எங்க ஊர் வீட்ல எல்லாமே பூத்துடும், கேசட்டும்தான், டேப் மேல வெள்ளையா பூஞ்சை பிடிச்சு அது டெக்குக்குள்ள டேப்பைப் படிக்கிற ஹெட்ல ஒட்டி, அடுத்து போடுற கேசட்டையும் கெடுக்கும். ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சு ஹெட்டைத் துடைக்கிறதுக்குன்னே ஒரு பையன் இருப்பான்.

விசிடி வந்தப்ப சந்தோஷம்தான். கோடு விழாது, பூஞ்சை பிடிக்காது. ஆனா இங்கயும் ஒரு கணக்கு, ஒரு விசிடில 74 நிமிஷம், இழுத்துப் பிடிச்சா 80. அப்ப கல்யாணப் பரிசு முழுசா வேணும்னா மூணு டிஸ்க் வேணும். எங்க பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கினதெல்லாம் ரெண்டு டிஸ்க் பாக்கெட். ரெண்டு டிஸ்க்ல 160 நிமிஷம் தாண்டாது, அப்ப இருபது நிமிஷத்துக்கு மேல காணோம். எங்க போச்சுன்னு வாங்கிட்டு வந்து பார்த்தா பாட்டுல போயிருக்கு.

இதுல எனக்கு ஆறாத ஒன்னு தீபாவளிப் பாட்டு. உன்னைக் கண்டு நான் ஆடங்கிற அந்தப் பாட்டு படத்துல ரெண்டு தடவை வரும். முதல்ல சுசீலாம்மா குரல்ல சந்தோஷமா. அப்புறம் எல்லாம் மாறிப்போன பிறகு ராஜா குரல்ல, அதே மெட்டு சோகமா. முதல் பாட்டு இருக்கிறதே ரெண்டாவது பாட்டுக்காகத்தான், போன தீபாவளி என்னவா இருந்துச்சு இந்த தீபாவளி என்னவா ஆச்சுன்னு வசனமே இல்லாம மெட்டுலயே சொல்லிடுறாங்க. நான் வாங்கின விசிடில சந்தோஷப் பாட்டு இருந்துச்சு, சோகம் இல்ல. வெட்டினவருக்கு ஒரே பாட்டு எதுக்கு ரெண்டு தடவைன்னு தோணியிருக்கும். தங்கவேலு மட்டும் முழுசா இருந்தார், எழுத்தாளர் பைரவன்னு சொல்லிக்கிட்டு எம்.சரோஜாகிட்ட அளக்குறதுல ஒரு வரி கூட போகல, அதை வெட்டினா ஜனங்க கடைக்கே வந்துடுவாங்கன்னு தெரியும். எனக்கும் அந்தக் காமெடி உயிர். ஆனா காமெடி முழுசா இருந்து சோகத்துல பாதி போனா படத்தோட எடை ஒரு பக்கமா சாஞ்சுடுது, கலகலன்னு ஒரு படம் கடைசில திடீர்னு அழுதாப்ல ஆயிடுது.

2007 வாக்குல டிவிடி விலை படக்குன்னு இறங்குச்சு. மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் போட ஆரம்பிச்சதும் பழைய தமிழ்ப் படம் மளிகைக் கடை வரைக்கும் வந்துச்சு, கும்பகோணம் மகாமகக் குளத்துக்கிட்ட தள்ளுவண்டில குவிச்சு வச்சு வித்தாங்க. அந்தக் காலத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு டீ ரெண்டு வடை விலைக்கு ஒரு படம் சொந்தமாகுறது சின்ன விஷயம் இல்ல. குறை சொல்ல வேண்டியது அதுக்கப்புறம் வந்த மூணு படம் ஒரே டிஸ்க் வகை. பழைய படம் மூணுன்னா ஒன்பது மணி நேரத்துக்கு மேல, அதை 4.7 ஜிபி டிஸ்க்ல அடைச்சா செகண்டுக்கு கிடைக்கிற டேட்டா கிட்டத்தட்ட விசிடி அளவுதான். அட்டையில டிவிடின்னு போட்டிருக்கும், உள்ள உள்ளது விசிடி தரம். கறுப்பு வெள்ளைப் படத்துல இது இன்னும் மோசமா தெரியும், இருட்டுல மெதுவா மாறுற சாம்பல் எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்கும்.

அப்புறம் அகல டிவி வந்துச்சு, அது ஒரு புதுத் தொல்லை. அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரம், அகலம் 1.37 பங்கு உயரம் 1. இப்ப உள்ள டிவி 16:9. நடுவுல படத்தை வச்சு ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டா ஒரு கெடுதலும் இல்ல. ஆனா பக்கத்துல கறுப்பு இருந்தா காசு குடுத்து வாங்கின டிவி வீணாப் போற மாதிரி நம்ம ஜனங்களுக்கு ஒரு நெனப்பு, அதனால ஒன்னு இழுத்து விடுவாங்க, ஆளெல்லாம் குண்டாகும், இல்ல மேலயும் கீழயும் வெட்டி அகலத்துக்கு நிரப்புவாங்க. வெட்டினா உயரத்துல கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. யூடியூப்ல இப்ப கிடைக்கிற பழைய படம் பலதும் இந்த ரெண்டுல ஒன்னு, ஓரத்துல சேனல் லோகோ வேற. வாடிக்கை மறந்ததும் ஏனோ பாட்டு முழுக்க சைக்கிள். வெட்டின காப்பில சைக்கிள் சக்கரம் பாதி இருக்காது, மேல ஆகாசம் இருக்காது. திறந்த வெளியில காத்து வாங்கிட்டு போற பாட்டு, ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு.

கறுப்புன்னு ஆரம்பத்துல சொன்னேனே. சின்ன வயசுல எங்க ஊர் டூரிங் கொட்டாயில இந்தப் படத்தை ஃபிலிம்ல பார்த்திருக்கேன், மண்ணு குவிச்சு உக்காந்துதான். பிரிண்ட்ல கீறல் விழுந்து கோடு கோடா மழை பெய்யும், ரீல் மாறும்போது ரெண்டு வசனம் முழுங்கிடும். ஆனா கறுப்பு கறுப்பா இருந்துச்சு. விஜயகுமாரி இருட்டு ரூம்ல நிக்கும்போது முடி எது இருட்டு எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்சுது. வின்சென்ட் செஞ்ச வேலை அது, பின்னாடி நெஞ்சில் ஓர் ஆலயத்துல ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள படம் முழுக்க வெளிச்சத்தாலயே கதை சொன்ன ஆள், அவர் இதுலயே ஆரம்பிச்சுட்டார். வீட்டுக்கு வந்த எந்தக் காப்பியிலயும் இது கிடையாது. பசங்ககிட்ட கறுப்பு வெள்ளைப் படம்னா மூஞ்சியை சுளிக்கிறாங்கன்னு நாம வருத்தப்படுறோம், அவங்க பார்த்தது கறுப்பு வெள்ளையே இல்ல, சாம்பல்ல சாம்பல்.

வெளிநாட்டுல இதே மாதிரி ஒரு காதல் படம், காசாபிளாங்கா, 1942. அதையும் போட்டுப் படுத்தியிருக்காங்க, 1988-ல டிவிக்காக கலர் கூட அடிச்சாங்க. ஆனா அதோட விடல. டேப்பு, லேசர் டிஸ்க், டிவிடி, புளூரே, கடைசில 2022-ல 4கேன்னு சொல்ற ரொம்ப நுணுக்கமான டிஸ்க், மறுபடியும் ஃபிலிமுக்கே போய் புதுசா ஸ்கேன் பண்ணி, போன தடவையை விட நல்லாக் குடுக்கணும்னு பார்த்திருக்காங்க. திருச்சில ஒரு நண்பர் வீட்ல அந்த டிஸ்க்கைப் போட்டுக் காமிச்சார், 80 வருஷத்துக்கு முந்தின அந்தப் பட ஹீரோயின் இங்க்ரிட் பெர்க்மன் கண்ணுல உள்ள ஈரம் தெரியுது. எனக்கு உடனே தோணினது சரோஜாதேவிதான், அக்கா மனசு தெரிஞ்ச நிமிஷத்துல வசந்தி கண்ணுல என்ன இருந்துச்சுன்னு எங்க வீட்டுக்கு வந்த எந்தக் காப்பியிலயும் தெரிஞ்சது இல்லையே.

அது அமெரிக்கா, நம்மளால ஆகுமான்னு கேக்க வேணாம். சத்யஜித் ராயோட பதேர் பாஞ்சாலி நெகட்டிவ் 1993-ல லண்டன் லேப் தீ விபத்துல எரிஞ்சுது, அந்தக் கருகின ஃபிலிமைக் கூட வருஷக்கணக்குல உக்காந்து சரி பண்ணி, மிச்சத்துக்கு வேற பிரிண்ட் சேர்த்து 2015-ல 4கேல கொண்டு வந்துட்டாங்க. எரிஞ்சதுக்கே வழி இருக்கு. நேரம்தான் இல்ல. பழைய அசிடேட் ஃபிலிம் சூட்டுலயும் ஈரத்துலயும் தானா கெட்டுப் போகும், டப்பாவைத் திறந்தா காடி வாசனை அடிக்கும், அடிக்க ஆரம்பிச்சா அப்புறம் வேகமாப் போகும். கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல வெள்ளி இருக்குன்னு அதை உருக்கி எடுத்ததுலயே எத்தனையோ படம் அழிஞ்சுது. ஈரம் என்ன செய்யும்னு டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். 2018 நவம்பர் 16 கஜா புயல் அன்னைக்கு எங்க வீட்டு ஓடு போயி, பரண்ல இருந்த கேசட்டு எல்லாம் ஊறி, டேப்பு டேப்போட ஒட்டிக்கிச்சு. எங்க காப்பி போனா போகட்டும், அது காப்பி. மூலம் எங்க யார்கிட்ட இருந்தாலும் அது இந்த நிலைமைக்கு வரக்கூடாது.

அதனால உரிமை வச்சிருக்கிறவங்க, ஃபிலிம் டப்பா வச்சிருக்கிறவங்க யாரு இதைப் படிச்சாலும் கேட்டுக்கிறேன், ஒரு நல்ல வெளியீடு வரட்டும். கலர் அடிக்க வேணாம். ஃபிலிம்லேருந்து ஸ்கேன் பண்ணுங்க, பழைய டேப்புலேருந்து பெருசாக்க வேணாம். 24 ஃப்ரேம்லயே விடுங்க, ராஜா அவர் கட்டையிலயே பாடட்டும். ரெண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும், பழகிப்போம். ரெண்டு தீபாவளியும் இருக்கணும். சத்தத்தை அஞ்சு ஸ்பீக்கருக்குப் பிரிக்காதீங்க, ஒரே ஸ்பீக்கர்ல வந்த படம், இரைச்சலை மட்டும் குறைங்க, குறைக்கிறேன்னு சுசீலாம்மா மூச்சையும் சேர்த்துத் துடைச்சுடாதீங்க. அட்டையில நடிகர் பேரு அளவுக்கே பட்டுக்கோட்டையார் பேரும் போடுங்க. கூட ஒரு அரை மணி நேரம் அவரைப் பத்தி, அவர் ஊரு, பட்டுக்கோட்டை மணிமண்டபம், அவரோட பழகினவங்க வீட்ல இன்னும் பேசுற கதை, கேமராவை எடுத்துட்டு வந்தா நாங்களே கூட்டிட்டுப் போய் காமிக்கிறோம்.

இன்னொன்னு, தமிழ்லயே வசனம் கீழ எழுத்தா வரணும். இங்கிலீஷ்ல போடுறாங்க, அது வெளியூர்க்காரங்களுக்கு, தேவைதான். ஆனா இந்தப் படத்தை ரிலீஸான காலத்துல தியேட்டர்ல பார்த்தவங்களுக்கு இப்ப எழுபத்தஞ்சு, எண்பது வயசு. எங்க அம்மாவுக்குக் காது பாதிக்கு மேல கேக்காது, மெஷின் வச்சா பாட்டு எல்லாம் தகரமா கேக்குதுன்னு கழட்டி வச்சுடுறாங்க. படம் ஓடும்போது வாயசைவை வச்சே வசனத்தைப் பிடிச்சுடுறாங்க, புரியாத இடத்துல என்னடா சொல்றான்னு என்னைக் கேக்குறாங்க, நான் சத்தமா சொல்றதுக்குள்ள அடுத்த வசனம் போயிடுது. பெரிய எழுத்துல, மஞ்சள்லயோ வெள்ளையிலயோ, நல்லாப் படிக்கிற மாதிரி போடுங்க, பாட்டு வரிகளையும் சேர்த்து. விலை எவ்வளவு வச்சாலும் எங்க தெருவுல வாங்க ஆள் இருக்கு, ஆனா சீக்கிரம் பண்ணுங்க.